தொட்டுப் பாருங்க

கஜக்கோல் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் வியாபாரத்துக்குக் காத்திருக்கும் கடைக்காரன் கல்லாவைத் துடைப்பது போல அவ்வளவு பக்தி. வசனகர்த்தா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"ஏன்டா வசனம், விலை படியாதவன் மாதிரி வாசல்லயே நிக்கிற? உள்ள வா. உன் நாடகம் ஆரம்பிக்கப் போகுது."

"தலைவலிடா. வீட்டுக்குப் போயிடலாம்னு பாத்தேன்."

"எழுதுனவனுக்கே தலைவலின்னா பாக்கிறவன் கதி என்ன? வந்து உக்காரு."

துணிக்கடையில் அளக்கிற கோலைப் போலவே உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் அவனுக்குக் கஜக்கோல் என்று பெயர். வசனகர்த்தா பக்கத்துத் துணிக்கடைக்காரர் பிள்ளை. கஜக்கோல் அப்பன் தொழிலைப் பிடித்துக்கொண்டான். இவன் வாயை மட்டும் முதலாகப் போட்டு வசனம் எழுதப் போனான். பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்து இருவரும் ஒரே பெஞ்சில் பார்த்த பழைய படம் ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள், ஒரு லாரி. ஒருவனுக்குக் கண் போய்விடும். மற்றவன் வண்டியை ஓட்டிக்கொண்டே, போகிற வழியையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வருவான். அவ்வளவுதான் கதை. படம் விட்டு வரும்போது கஜக்கோல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். இவன் பாதை சொன்னான். சாக்கடைப் பக்கம் இவன் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது வேறு விஷயம்.

இப்போது அந்தப் படத்தைத் தொலைக்காட்சித் தொடராக்குகிறார்கள். இரண்டரை மணி நேரத் துணியில் ஒரு வருஷத்துக்குச் சட்டை தைக்கச் சொன்னார்கள். அதிலும், "எல்லாரும் நல்லவனா இருந்தா விளம்பரத்துக்கு அப்புறம் எவன் சார் திரும்பி வருவான்?" என்று கேட்டார் தயாரிப்பாளர். படத்தில் கெட்டவனே கிடையாது. வசனகர்த்தா யோசித்துப் பார்த்தான். சொந்தச் சரக்கு தீர்ந்து போயிருந்தது. பக்கத்துக் கடையில் கைவைத்தான். சிரித்துக்கொண்டே காலை வாரிவிடும் மூன்றாவது நண்பன் ஒருவன் பிறந்தான். அவனுக்குத் துணி வியாபாரம். கஜக்கோல் கடையில் ஓயாமல் சொல்லும், "வாங்க வேணாம், சும்மா தொட்டுப் பாருங்க" என்பதையே தூக்கி அவன் வாயில் வைத்துவிட்டான்.

கோபித்துக்கொள்வான் என்று பயந்ததுதான் மிச்சம். கஜக்கோலுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்களாம். "வில்லனுக்கே என் வாய்தான்டா முதலீடு" என்று ஊரெல்லாம் பெருமையடித்தான்.

வசனகர்த்தா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் கடையை அடைக்கும் நேரத்தில், விலைபோகாத துணிகளை மடித்துக்கொண்டே கஜக்கோல் சொன்னது இது. "அண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தினமும் போனேன்டா. வாசல் கேட்டு வரைக்கும்தான். அந்த வாசனை வந்ததும் கால் நகராது. ஆரஞ்சு வாங்கிட்டுப் போவேன், பேரம் பேசித்தான், பழக்கம் விடுமா. வாட்ச்மேன் கையில குடுத்துட்டுத் திரும்பிடுவேன். அண்ணிகிட்ட சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கேன்னு சொன்னேன். அண்ணன் போயிட்டான். இது உன்னோட இருக்கட்டும்."

இவனோடு இருக்கவில்லை. கெட்டவன் எவ்வளவு கல்நெஞ்சன் என்று காட்ட ஒரு காட்சி தேவைப்பட்டது. எழுதும்போது கூசத்தான் செய்தது. ஆரஞ்சை அடித்துவிட்டு ஆப்பிள் என்று போட்டான். ஆப்பிளில் காட்சி பிணம் மாதிரிக் கிடந்தது. மறுபடி ஆரஞ்சு என்று எழுதினான், உயிர் வந்துவிட்டது. அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. பயந்து செய்யவில்லை, பசித்துச் செய்யவில்லை. நன்றாக இருந்தது என்று செய்தான். இன்று காலையில் தயாரிப்பாளரைக் கூப்பிட்டு அந்தக் காட்சியை எடுத்துவிடக் கெஞ்சினான். "இந்த வாரத்துக்கே அதுதான் சார் உயிர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கஜக்கோலின் மனைவி டீயை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அண்ணி, செத்துப்போன அண்ணனின் மனைவி, ஜன்னலோரம் கடைத் திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். கஜக்கோல் சோபாவில் வசனகர்த்தாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, துண்டை இருவர் கைமேலும் போட்டு, அடியில் விரலைப் பிடித்தான். அப்பாக்கள் மொத்தச் சந்தையில் அப்படித்தான் விலை பேசினார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விரலை அழுத்தினால் விலை. கையை உதறினால் பேரம் முறிந்தது.

"இன்னைக்குக் கதை எவ்வளவு பெறும்?" என்று இரண்டு விரலை அழுத்தினான்.

"அவ்வளவு பெறாதுடா" என்றான் வசனகர்த்தா. வாழ்நாளில் சரக்கைத் தானே மட்டம் தட்டியது அன்றுதான்.

தொடங்கியது. திரையில் கெட்டவன் பழக்காரனிடம் பேரம் பேசினான். கஜக்கோல் சத்தமாகச் சிரித்தான். "பாத்தியா, என்னை மாதிரியே கறாரு." பையில் ஆரஞ்சு விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு ஆஸ்பத்திரிக் கேட்டு. பையை வாங்கும் வாட்ச்மேன். "வெளியூர்ல இருக்கேன் அண்ணி" என்று போனில் பொய். துண்டுக்கு அடியிலிருந்து கஜக்கோலின் கை உருவிக்கொண்டு போனது. வசனகர்த்தா டீத் தம்ளரின் அடியில் தங்கிய தூளையே பார்த்துக்கொண்டிருந்தான். விளம்பரம் வந்தது, ஒரு குடும்பமே பல்லைக் காட்டியது.

"தம்பி" என்றாள் அண்ணி, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வாட்ச்மேன் பழத்தை என்ன பண்ணான்னு நீங்க எழுதலையே?"

"அவனே... வச்சுக்கிட்டிருப்பான் அண்ணி."

"இல்ல. உள்ள குடுத்தனுப்புவான். யாரு குடுத்தான்னு மட்டும் சொல்ல மாட்டான்." நூலைப் பல்லால் கடித்தாள். "படுத்திருந்தவரு ஒரு சுளையை வாயில போட்டுட்டு மூஞ்சியைச் சுளிப்பாரு. 'எல்லாம் புளிப்பு. பய நல்லா அடிச்சுப் பேசித்தான் வாங்கிருக்கான்'ம்பாரு. மிச்சம் வைக்க மாட்டாரு."

கஜக்கோலின் மனைவி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"அப்புறம் கதவையே பாத்துக்கிட்டிருப்பாரு" என்றாள் அண்ணி. "எழுதுறதுன்னா அதையும் சேத்து எழுதணும் தம்பி."

ஊசியில் நூல் கோக்க ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கஜக்கோல் அண்ணியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவனையும் பார்க்கவில்லை. சரிந்து கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தான். அதன் அடியில் விரல்கள் மெல்ல வந்து வசனகர்த்தாவின் விரல்களைப் பிடித்தன. சில்லென்று இருந்தன. இவன் காத்திருந்தான். கஜக்கோல் அழுத்தவும் இல்லை, உதறவும் இல்லை.

விளம்பரம் முடிந்து கெட்டவன் மறுபடி வந்தான். கடையில் உட்கார்ந்து ஒரு துணியை விரித்துப்போட்டுச் சிரித்தான். "வாங்க வேணாம்..." என்று ஆரம்பித்தான். வழக்கமாகக் கூடச் சேர்ந்து மீதியைச் சொல்கிற கஜக்கோல் வாயைத் திறக்கவில்லை. துண்டு மட்டும் லேசாக அசைந்தது, அடியில் பிடி விடவில்லை.