நான்காம் பாட்டுக்கு இரண்டு குடம்

மாட்டுங்கா லேபர் கேம்ப் செல்வத்தின் ராக் ஆல்பத்தை எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் தண்ணீர் வரும். முதல் பாட்டுக்கு அரைக் குடம், நான்காம் பாட்டுக்கு இரண்டு குடம். குடிக்கலாம், லேசாகப் பிளாஸ்டிக் வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காத எதிரொலி, செல்வம் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்து கிடந்த இரண்டாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குள் கிடைத்தது. மே மாதம். செல்வம் பாட, மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்துப் பத்ரி கிதார் வாசிக்க, வாசிம் தொட்டிச் சுவரையே டிரம்ஸாக அடிக்க, நாலு நாள் உள்ளே உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ஐந்தாம் நாள், நேரமில்லாத நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. கேம்பில் தண்ணீர் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. முதலில் டியூபைச் சொருகுவார்கள், மற்றதெல்லாம் அப்புறம். செல்வத்தின் அம்மா பார்வதியம்மாளும் எட்டிப் பார்க்காமலே தொட்டிக்குள் டியூபைச் சொருகிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். உள்ளே பதிவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஆகவே கலைஞர்கள் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் தண்ணீர் விழுந்தது. பாட்டு முடிந்தபோது தொட்டியில் சொட்டு இல்லை, மூன்று பேரின் பேண்ட்டும் நனையவில்லை. மொத்தத் தண்ணீரும் ஆல்பத்துக்குள் போயிருந்தது.

"ஏலே, ஒரு டாங்கி தண்ணியையும் முழுங்கிட்டு வந்து நிக்கியே! ஒம் பாட்டுல இடி விழ!" என்றாள் பார்வதியம்மாள். இனி அந்தச் சனியனைக் கேட்கவே மாட்டேன் என்றும் சொன்னாள். செல்வத்துக்கு வலித்தது. நான்காம் பாட்டு அவளைப் பற்றியது. ஊரே கேட்காவிட்டாலும் போகிறது, அம்மா ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

ஊர் கேட்டது. பாந்த்ராவில் கம்பளம் நனைந்த விமர்சகர் ஒருவர், நகரத்தின் ஈரமான தனிமை என்று நாலு பக்கம் எழுதினார். கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாண் லோக்கலில் இயர்ஃபோன் மாட்டியவர்கள் காலர் நனைய ஆபீஸ் போனார்கள். முலுண்டில் ஒரு காது டாக்டர் இரண்டாவது கிளினிக் திறந்தார். பெங்களூர்ப் பையன்கள் தொட்டி வாடகைக்கு எடுத்து உள்ளே உட்கார்ந்து பாடியதில் அவர்களுக்கு ஜலதோஷம்தான் வந்தது. இரண்டே வருடத்தில் தொட்டி ராக் என்று ஒரு வகை உண்டாகி, தண்ணீருக்கு ஒருநாளும் வரிசையில் நிற்காதவர்கள் அதில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார்கள்.

கேம்பில் யாரும் விமர்சனம் எழுதவில்லை. குடம் வைத்தார்கள். தினமும் ஸ்பீக்கருக்கு முன்னால் இடம் பிடிக்க உடைந்த வாளியும் செங்கல்லும் வரிசையில் உட்கார்ந்தன. முதல் குடம் பார்வதியம்மாளுடையது. கேட்கமாட்டேன் என்றுதானே சொன்னாள், பிடிக்கமாட்டேன் என்றா சொன்னாள்? பாட்டு தொடங்கியதும் சண்டையும் தொடங்கும். அந்தக் கூச்சலில் செல்வத்தின் குரல் ஒரு காதிலும் விழாது. "இந்தப் பாட்டக் கொஞ்சம் கேளும்மா" என்று அவன் கெஞ்சுவான். "ரெண்டு கொடம் பாட்டுதான, தெரியும்ல" என்பாள்.

நாலு வருடம் கழித்து ஒரு பெரிய கம்பெனி உரிமை வாங்கி, ஈரத்தையெல்லாம் துடைத்து, சுத்தமான பதிப்பு வெளியிட்டது. விருது அதற்குத்தான் கிடைத்தது. பத்ரி பெருமையோடு அதைக் கேம்பில் போட்டான். "கேளுங்கோ ஆன்ட்டி, ஏக்தம் கிளியர்!"

முதல் பாட்டு முடிந்தது. சொட்டு இல்லை. சண்டை போட எதுவும் இல்லாததால் ஜனம் வாய் மூடி நின்றது. இதோ வரும், இதோ வரும் என்று குடத்தோடு நின்று கேட்டார்கள். நான்காம் பாட்டில், விடியற்காலைக் குழாயடியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தும் குடத்தை விடாத ஒருத்தியைப் பற்றிச் செல்வம் பாடியது அன்றைக்குத்தான் பார்வதியம்மாள் காதில் விழுந்தது. சரியாகக் கூடாத இடது கையால் காலிக் குடத்தை இடுப்பில் அணைத்தபடி அவள் அழுதாள்.

"இத எப்பம்ல பாடுன?"

"நாலு வருசமா தெனமும் போடுதேன்மா."

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "நல்லாத்தாம்ல இருக்கு. நாளைக்குப் பழசப் போடு, குடிக்கத் தண்ணி இல்ல."

மறுநாள் காலை பழையது ஓடியது. முதல் பாட்டுக்கு அரைக் குடம் வந்தது. நான்காம் பாட்டு தொடங்கியதும் பார்வதியம்மாள் திரும்பி, "எல்லாவளும் வாய மூடுங்கட்டி!" என்று ஓர் அதட்டல் போட்டாள். இரண்டு குடம் நிறையும்வரை யாரும் பேசவில்லை. ஐந்தாம் பாட்டிலிருந்து வழக்கம்போலச் சண்டை நடந்தது.