கிணற்றடியில் பற்றிய நெருப்பு

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லிப் பெண் எடுத்தவர் கிடையாது. எங்கள் திருச்சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து, யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் கல்யாணம். 1983-ல் என் மகன் ஜெயகரனுக்கு முதல் ஓலை வாசித்த மறுநாள், பெண்ணின் தகப்பனார் தேவானந்தம் வந்து, இரண்டாம் ஓலையன்று எழுந்து தடுப்பேன் என்றார். காட்பாடியில் மின்வாரிய லைன்மேன் அவர்.

பையன் பம்பாய்க் கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறான் என்று நாங்கள் சொன்னதுதான் காரணம்.

"தண்ணியும் கரண்டும் சேந்தா பொணம்தாங்க. ஒண்ணு நீங்க புளுகுறீங்க, இல்ல எம்பொண்ணு தாலி அறுக்கணும்."

புளுகு என்ற சொல்லை என் வாசலில் அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. என் நண்பர் சர்தார் பாஷாவின் தோல் பதனிடும் ஷெட்டுக் கிணற்றுக்கு அவரைச் சனிக்கிழமை வரச் சொன்னேன். ஜெயகரன் வெல்டிங் கற்றதும் அந்த ஷெட்டில், முங்கு நீச்சல் கற்றதும் அந்தக் கிணற்றில்.

எங்கள் ஆம்பூரே திரண்டது. காற்று சிலிண்டரை மாட்டிய ஜெயகரன், தண்ணீர் புகாதபடி மெழுகில் தோய்த்த வெல்டிங் குச்சிகளோடு இறங்கும் முன் வருங்கால மாமனாரிடமே வெல்டிங் மெஷின் ஸ்விட்சை ஒப்படைத்தான். இடுப்பில் கட்டிய கயிற்றை அவன் ஒரு முறை இழுத்தால் போட வேண்டும், இரு முறை இழுத்தால் அணைக்க வேண்டும்.

கயிறு அசைந்தது. அவர் போடவில்லை. கிணற்றுக்குள் குனிந்து, "லைன் கிளியரா?" என்று கேட்டார். வாயால் பதில் வராமல் லைன்மேன் கரண்டு விட மாட்டாராம். கயிறு மறுபடி அசைந்தது. அவர் மறுபடி கேட்டார். ஷெட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பொறுக்கமாட்டாமல் நானே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "கிளியர்" என்று கத்தினேன்.

போட்டார். தண்ணீருக்கடியில் ஒரு பச்சை நட்சத்திரம் பிறந்தது. குமிழிகள் கொதித்து மேலே வந்தன. கிணற்றுச் சுவர்ப் பொந்துகளிலிருந்து புறாக்கள் சிதறிப் பறந்தன. பாஷா என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஜெயகரன் கொண்டுவந்த ஒட்டிய இரும்புத் தகடுகளைத் தேவானந்தம் பிய்த்துப் பார்த்தார், சுத்தியலால் அடித்தும் பார்த்தார். அவர் மகள் கிருபா வந்து, "போதும்பா, வெல்டிங் விடாது, உங்க வெரல்தான் விட்டுடும்" என்றாள்.

அவர் ஜெயகரனையே பார்த்தார். "பம்பாய்ல ஸ்விட்சு யாரு புடிக்கிறாங்க, மாப்ள? நம்பலாமா ஆள?"

ஞாயிறன்று, ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டதும் தேவானந்தம் எழுந்துவிட்டார்.

"இல்லீங்க ஐயா. மாப்ளயோட வேலையையும் சேத்து இன்னொரு தபா படிங்க."

போதகர் படித்தார். பெண்கள் பக்கம் யாரோ கைதட்டினார்கள். ஆலயத்தில் அது வழக்கமில்லை. நானும் தட்டினேன்.