முப்பத்தொன்றாம் பக்கம்

தறிக்குழியிலிருந்து எழுந்த கன்னியம்மாள் விரலில் ஒட்டியிருந்த நீலச் சாயத்தைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு விரைந்தாள். சித்தூரிலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று நெசவாளர் தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனவர் பச்சையப்பன். தமிழ் வாத்தியார் கேட்டு மூன்று முறை மனு எழுதி, தெருவே கையெழுத்தும் கைநாட்டும் வைக்க, நகரி தபாலில் சேர்த்தவரும் அவர்தான்.

திருத்தணி மதராசோடு சேர்ந்து, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம், தமிழ் வாத்தியார் சந்திரனும் மாற்றல் வாங்கிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மிஞ்சியவர் நாகையா ஒருவர், தெலுங்கு வாத்தியார். எண்பத்து மூன்று பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரு மனிதர். தமிழ்ப் பிள்ளைகள் பின்சுவரில் சாய்ந்து, மணி அடிக்கும்வரை பலகையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்குள் வாத்தியார் வராவிட்டால் மகள் சுந்தரி தார் சுற்ற உட்காரட்டும் என்று கன்னியம்மாளின் புருஷன் சொல்லிவிட்டான். தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்த பெண் எழுந்து பள்ளிக்குத் திரும்பியதை அவள் பார்த்ததில்லை. அவளே அப்படி உட்கார்ந்தவள்தான்.

இன்ஸ்பெக்டர் தெலுங்கில் விசாரித்தார். பச்சையப்பன் தெலுங்கிலேயே பதில் சொன்னார். நூல் வியாபாரியானாலும் தாசில்தாரானாலும், வந்தவர் பேச்சில் பேசுவதுதான் அந்தத் தெருவின் மரியாதை. மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு தெலுங்கில் குறை சொன்னார்கள். “சாமி வீட்டுக்கு வீடு கொடுத்த பிள்ளைகள் ஆறு, சர்க்கார் ஊருக்கே கொடுத்த வாத்தியார் ஒன்று” என்று பச்சையப்பன் தெலுங்கில் சொன்னதற்கு இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே, எல்லாருக்கும் தெலுங்கு இவ்வளவு அழகாக வருகிறதே, தனியாகத் தமிழ் வாத்தியார் எதற்கு என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பேனா தாளில் ஓடியது.

“சார், எழுதாதீங்க” என்றாள் கன்னியம்மாள், தமிழில்.

பச்சையப்பன் பதறினார். “ஏ கன்னீ, பெரியவரு தெலுங்குல கேக்கசொல்ல தெலுங்குல சொல்லு.”

“அப்டி சொல்லித்தாண்ணா கெட்டுப்போச்சு.” அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கோசரம் தெலுங்குல பேசினோம் சார். வூட்ல பேசறது இதான். எம்பொண்ணு படிக்கறதும் இதான். நாகையா சாரும் பாவம், அஞ்சு கிளாசுக்கும் கத்திக்கத்தி தொண்ட கட்டிக்கினு கீறாரு.”

நாகையா தலை குனிந்துகொண்டார். மறுத்துச் சொல்ல அவருக்குக் குரல் இல்லை.

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்: “உங்க பொண்ணு எங்கே?”

பின்சுவரிலிருந்து சுந்தரி தமிழ்ப் பாடப் புத்தகத்தோடு வந்தாள். அவர் வாங்கிப் புரட்டினார். தாளுக்குத் தாள் கீழ்மூலையில் நீல விரல் தடங்கள். காலையில் அம்மாவுக்குச் சாயம் கலக்கிக் கொடுத்துவிட்டு வந்த விரல்கள். முப்பத்தொன்றாம் பக்கம்வரை அப்படித்தான். அதற்குப் பிறகு கறையே இல்லை.

“இதுக்கு மேல ஏன் படிக்கலை?”

“தமிழ் சார் பூட்டாரு சார்.”

அவர் பேனாவை மூடவில்லை. பாதி எழுதிய வரி நோட்டில் காத்திருக்க, சுத்தமான தாள்களை ஒவ்வொன்றாகக் கடைசிவரை புரட்டிக்கொண்டே போனார்.