வெயில் காயும் பெரியவர்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் நீ அலறுவாய் என்பதால் எழுதுகிறேன். முதலில் யார் எங்கே இருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்; தப்பு யார் மேல் என்று நீயே முடிவு செய்துகொள்.

அத்தான் ஏற்பாடு செய்து கொடுத்த கடற்கரை விடுதியில், தோட்டத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டை ஒட்டிய நாற்காலியில் அப்பா, காது கேட்கிற வலது பக்கத்தைத் தோட்டத்துக்குக் காட்டியபடி. அவருக்கு எதிரே நான். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்குக் கீழே தோட்டக்காரர், பாதை மணலைச் சீவிவிடும் பல் வைத்த நீளக் கட்டையோடு நின்றார். அப்பாவின் கண்ணாடி சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மறந்துவிடாதே.

“தோட்டம் பூரா சுத்திப் பாருங்க ஐயா. அல்லிக்குளத்துப் பக்கம் மட்டும் காலைல வேணாம். பெரியவர் வெயில் காய வந்திருப்பார்” என்றார் தோட்டக்காரர். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாடா, என் வயசுல ஒருத்தராவது இருக்காரே! உன் புருஷன் அந்தப் பெட்டியோடதான் பேசுவார். ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்துடறேன்.”

விடுதி முதலாளியின் அப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கைத்தடியை எடுத்துக் கொடுத்ததே நான்தான், அக்கா.

காபி வந்தது. பின்னாலேயே தோட்டக்காரரும் வந்தார். “ஐயா எங்கம்மா?”

“பெரியவரைப் பாக்கப் போயிருக்கார்.”

கட்டை அவர் கையிலிருந்து விழுந்தது. “அம்மா… அது ஆளு இல்லம்மா.” ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் மேல் வைத்து, அகலத் திறந்து மூடிக் காட்டினார். நான் முதலாளியின் அப்பா என்று நினைத்தது முதலை.

“முதலையா? நோட்டீஸ்ல போடவே இல்லையே!” என்று கத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் விடுதி அலுவலகத்துக்கு ஓடினார். நானும் தோட்டக்காரரும் தோட்டத்துக்குள் ஓடினோம்.

முந்தின நாள் சாயங்காலம் படம் எடுத்துக்கொண்ட அதே தோட்டம்தான். இப்போது ஒவ்வொரு செம்பருத்தி வேலிக்குப் பின்னாலும் ஏதோ படுத்திருப்பது போல இருந்தது. வாழைப் புதரில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் ‘டிக் டிக்’ என்றதற்கே எனக்கு உயிர் போய்விட்டது. “அப்பா!” என்று கத்தப் போனேன். தோட்டக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஐயாவுக்குக் கேக்காது. அவருக்குக் கேக்கும்.”

சீவிய மணலில் அப்பாவின் செருப்புத் தடம் தெரிந்தது. பக்கத்திலேயே தடி ஊன்றிய புள்ளிகள். புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொண்டே போனோம். தாழம்புதர் திருப்பத்தில் ஒரு பெரிய மூட்டையை இழுத்த மாதிரி அகலமான கோடு பாதையைக் குறுக்கே வெட்டியது. அந்தக் கோடு அப்பாவின் புள்ளிகளை அழித்துவிட்டுப் போயிருந்தது. அதாவது, அப்பா போன பிறகு அது போயிருக்கிறது.

அப்போதுதான் அப்பாவின் குரல் கேட்டது.

“எழுந்திருக்க வேணாம், படுத்துக்கிட்டே கேளுங்க. எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ தைரியசாலி. சின்னவ இருக்காளே, பல்லியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறிடுவா.”

குளக்கரை சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம், ஒரு கட்டில் நீளம் தள்ளி, புல் சரிவில் அது வாயைப் பிளந்தபடி கிடந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு யாரோ பழுப்புப் போர்வை போர்த்திப் படுத்திருக்கிற மாதிரி தெரிந்திருக்கும்.

இடது பக்கமாகப் போய் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். ஆனால் திடீரென்று தொட்டால் அப்பா தடியை வீசிக்கொண்டு துள்ளுவார், உனக்கே தெரியும். கேட்கிற காது வலது காது. அவருக்கும் அதற்கும் நடுவில் போய்க் குனிந்தேன். முதுகில் வெயில் பட்டதா அதன் மூச்சு பட்டதா, எனக்குத் தெரியாது.

“அப்பா, காபி ஆறுது.”

“பேசிக்கிட்டிருக்கேன் இல்ல?”

“அவர் தூங்கிட்டார்ப்பா.”

“அப்படியா? நான் பேசினா உங்கம்மாவும் இப்படித்தான்.” தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். அதைப் பார்த்துக் கும்பிட்டார். “வரேங்க. நாளைக்குப் பேசலாம்.”

பின்னால் ‘டப்’ என்று வாய் மூடும் சத்தம். பிறகு தண்ணீர் கலங்கியது. அப்பாவுக்கு இரண்டும் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவை அறையில் விட்டுவிட்டு வந்து, “பேரைச் சொல்லித் தொலைச்சா என்ன?” என்று தோட்டக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண் கலங்கிவிட்டது. “மழைக்கு முகத்துவாரத்துல இருந்து வந்தார், போகவே இல்ல. பேரைச் சொன்னா வேலை போயிடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கம்மா.” ஆபீசில் இப்போது என் வீட்டுக்காரர் போடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. குளத்துக்கு வலை கட்ட ஒப்புக்கொள்ளும் வரை அங்கிருந்து நகரமாட்டாராம்.

நாங்கள் இன்றே கிளம்புகிறோம். அப்பாவிடம் வண்டி முன்னாலேயே வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். சிநேகிதரிடம் சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று முணுமுணுக்கிறார். அடுத்த வாரம் உன்னிடம் வரும்போது அவரைப் பற்றி நிறைய சொல்வார். நீ சிரிக்காதே, விஷயத்தையும் உடைக்காதே. நான் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் மட்டும், இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்.

தபால்தலை கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. இதோ உறையை ஒட்டிவிட்டு நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். தபால் பெட்டி குளத்துப் பக்கம் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இப்படிக்கு,
சின்னவள்