ஒரே நொடியில் இரண்டு பேர்

"பாசிட்டிவாம்டி! கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் வந்திடுச்சு. லேபுக்கு நீ எழுதின பக்கம்தானே, பொய் சொல்லுமா?"

காலையில் அக்கா போனில் சொன்னது தங்கையின் காதிலேயே குடியிருந்தது. ஒரு குழந்தைக்காக எத்தனையோ டாக்டர்களைப் பார்த்து, ஊர் வாயையெல்லாம் பொறுத்து அக்கா கேட்ட சொல் அது. சாப்பிட்டு வந்த மதியத்தில் அலுவலகமே தண்ணீருக்கடியில் மெல்ல அசைவது போலிருந்தது. கீபோர்டுகள் எங்கோ தூரத்தில் தட்டிக்கொண்டிருந்தன. திரையில் கண் இருந்தாலும் அவள் மனதுக்குள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். சித்தியாகப் போகிறாளே, சும்மாவா!

மேனேஜர் வந்து நின்றார்.

"லேப்ல இருந்து போன்மா. ஒருத்தருக்கு இன்னொருத்தர் ரிப்போர்ட் தெரியுதாம். மறுபடி பார்த்தா சரியா இருக்காம். பேய் பிடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாங்க."

பேயுமில்லை, பிசாசுமில்லை. கம்ப்யூட்டரில் உலவும் பேய்களில் பாதி, எழுதியவர்கள் தூக்கக் கலக்கத்தில் பெற்றுப்போட்டவைதான்.

பிரவுசரில் இரண்டு ஜன்னல்களைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பொய்ப் பெயரைப் போட்டு, இரண்டையும் ஒருசேர அழுத்தினாள். ஒழுங்காக வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி. திடீரென்று இவருக்கு அவர் ரிப்போர்ட் வந்து நின்றது.

தப்பு, கேட்பவருக்கு ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்க அவள் எழுதிய சர்வ்லெட் என்ற நிரலில்தான். வருகிறவர் எத்தனை பேரானாலும் சர்வர் ஒரே சர்வ்லெட்டைத்தான் வேலை வாங்கும். அவளோ ரிப்போர்ட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓடும் மெத்தடுக்குள் வைக்காமல், வெளியே, எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்திருந்தாள். ஒரு விருந்தாளி குடித்து முடிக்குமுன் அதே டம்ளரில் அடுத்தவருக்கு ஊற்றிய கதை. தனியாக உட்கார்ந்து சோதித்தவரை தங்கமாக ஓடியது. தனியாள் கையில் எதுதான் சண்டை போடும்?

அப்படியானால் அக்கா காலையில் பார்த்தது யாருடையது?

லேபின் தகவல்களைத் திறந்து பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. இருந்திருந்தாலும் தைரியம் வந்திருக்காது.

அந்த ஒரு வரியை வெட்டி மெத்தடுக்குள் ஒட்டினாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். இனி வருகிறவருக்கெல்லாம் அவரவர் டம்ளர். எத்தனை தடவை அழுத்தியும் இரண்டு ஜன்னலிலும் பிசகவில்லை. வாயைத் திறக்காமலிருந்தால் அக்கா இன்னும் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருப்பாளே என்று ஒரு கணம் தோன்றியது. வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்கிற கை தன் கையாகவா இருக்க வேண்டும்!

போனை எடுத்தாள்.

"அக்கா, அந்த ரிப்போர்ட்ட இன்னொரு தடவை பாரேன்."

"ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"என் தப்புக்கா. ஒரே நேரத்துல ரெண்டு பேர் பார்த்தா மாறிப்போகுது. இப்போ சரி பண்ணிட்டேன்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கீபோர்டில் விரல்கள் தட்டும் சத்தம் கேட்டது.

"நெகட்டிவ்," என்றாள் அக்கா.

"அக்கா…"

"அப்போ அந்த பாசிட்டிவ் வேற யாரோ ஒருத்தியோடது. என்னோடத அவ பார்த்திருப்பா இல்ல? காலைல இருந்து அழுதுட்டு இருப்பாடி அவ. லேபுக்குச் சொல்லி முதல்ல அவளக் கூப்பிடச் சொல்லு. நாம அப்புறம் பேசிக்கலாம்."