கைமாற்றக் கூடாத சாமான்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. சூரிச்சிலிருந்து வரும் ஒரு தமிழ் ஆண்டிதழின் ஆசிரியர் விஜிதரன் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, ஐரோப்பாவின்ர மூலோபாய சுயாட்சி எண்டு எல்லாரும் கதைக்கினம். அது என்னெண்டு எங்கட சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ. ஆனா உங்கட விளக்கம் துவங்கினா நிக்காது, அதையும் பாத்துக்கொள்ளுங்கோ."

முதல் வாக்கியம் இப்படி வந்தது: "இத்தனை காலமும் அமெரிக்காவின் பாதுகாப்பை நம்பியிருந்த ஐரோப்பா இன்று தன் ஆயுதத்தைத் தானே செய்து, தன் முடிவைத் தானே எடுக்க விரும்புகிறது; ஏனென்றால்..."

[ஏனென்றால் என்பதற்குப் பிறகு நாலு பக்கம் வந்தது. வெட்டிவிட்டேன்.]

அடுத்த சிக்கல் அந்தச் சொல். சுயாட்சி என்று எழுதியதும் எங்கள் வாசகருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரசெல்ஸ் நினைவுக்கு வராது, ஒரு தீவு நினைவுக்கு வரும். (தன்னாட்சி என்று மாற்றிப் பார்த்தேன். அதுவும் அதே தீவுக்குத்தான் போய் இறங்கியது.)

அப்படியே விட்டிருப்பேன். ஆனால் வின்டர்தூர் ரயில் மேடையில் சரணியாவைச் சந்தித்தேன். எங்கள் பழைய அயல்வீட்டுப் பிள்ளை, இப்போது ஓர் உலோகத் தொழிற்சாலையில் பொலிமெக்கானிக், இயந்திர பாகங்களைக் கடைபவள். அவளுடைய பையிலிருந்து ஒரு சிவப்புச் சட்டியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் இந்தக் கதை. எழுதச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. நிபந்தனையைக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதலில் வளையம். சரணியா கடைவது ஒரு பெரிய உருக்கு வளையம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள், நடுவே உருளும் குண்டுகள். அதன் மேல் ஒரு ரேடார் உட்கார்ந்து சுழலும். வளையம் மயிரிழை ஆடினாலும் விமானம் இல்லாத இடத்தில் விமானம் தெரியும். குண்டுகள் ஓடும் பள்ளத்தைக் கடைசியாகத் தீட்டுவது அவள் வேலை. ரேடார் வானத்தைப் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் பீரங்கி சுடும்.

அடுத்தது கையெழுத்து. சுவிஸில் செய்த போர்த் தளவாடத்தை வாங்கும் நாடு, பெர்னை, அதாவது சுவிஸ் அரசைக் கேட்காமல் வேறு நாட்டுக்குக் கொடுக்கமாட்டோம் என்று எழுதித்தர வேண்டும். (ஒரு இயந்திரத்துக்குள் பொருத்தப்பட்டு மறைந்துவிடும் சிறு பாகங்களுக்கு விலக்கு உண்டு. சரணியாவின் வளையம் உதிரிப்பாகமாக, அப்படியே பெட்டியில் போகிறது. அதனால் கையெழுத்து வேண்டும். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விஜிதரன் வெட்டினாலும் வெட்டுவார்.)

இதை சரணியா தன் தாய் கஜலக்சுமிக்கு விளங்கவைத்தது ஒரு ஃபொண்டுச் சட்டியை வைத்து. பாலாடைக்கட்டியை உருக்கி, பாண் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் சுவிஸ் சட்டி. எங்கள் வீடுகளில் யாரும் அதில் சமைப்பதில்லை. அதனால் அது பரிசாக மட்டுமே வாழ்கிறது: கலியாணத்தில் கிடைத்தது பிறந்தநாளுக்குப் போகும், அங்கிருந்து வீடு குடிபூரலுக்குப் போகும். கஜலக்சுமி ஒரு கலியாணத்துக்குக் கொடுத்த சிவப்புச் சட்டி, ஊரெல்லாம் சுற்றி, முள்ளுக்கரண்டி ஒன்று குறைந்து, தெரிந்தவரான தம்பித்துரை அண்ணையின் கையால் கஜலக்சுமிக்கே பரிசாகத் திரும்பி வந்தது.

"குடுத்தா வைச்சிருக்கோணும். வேண்டாமெண்டா என்னட்டைக் கேக்கோணும்" என்று தாய் ஒரு கிழமை கொதித்தாராம்.

"உதுதான் அம்மா பெர்ன் சொல்லுறதும்" என்றாள் மகள்.

அந்த வேலையில் சேர மகளுக்குத் தாயின் அனுமதி கிடைத்தது அன்றுதான். கஜலக்சுமியின் தம்பி யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டில் இறந்தவர். ஆயுதத் தொழிற்சாலை என்ற சொல்லே அந்த வீட்டில் ஆகாது. சரணியா தாய்க்கு வாக்குக் கொடுத்தாள்: "எங்கட சாமான் வாங்கினவனிட்டைத்தான் இருக்கும். சண்டை நடக்கிற இடத்துக்குப் போகாது."

3

இங்கேதான் ஐரோப்பா கதைக்குள் வருகிறது.

உக்ரேனில் போர் தொடங்கிய பிறகு, தான் வாங்கிவைத்திருந்த சுவிஸ் பீரங்கிக் குண்டுகளை அங்கே கொடுக்க ஜெர்மனி அனுமதி கேட்டது. பெர்ன் மறுத்தது. நடுநிலை என்றால் அப்படித்தான். ஆனால் வாங்குபவர்களும் ஒரு பாடம் படித்தார்கள்: காசு நம்முடையது, பூட்டின் திறப்பு வேறொருவர் கையில். தன் முடிவைத் தானே எடுக்க விரும்புகிறவருக்கு அப்படிப்பட்ட சாமான் உதவாது. அமெரிக்கச் சாமானைப் பற்றி ஐரோப்பா இன்று கேட்கும் அதே கேள்விதான். நான் வெட்டிய நாலு பக்கமும் இவ்வளவுதான்.

(சட்டத்தைத் தளர்த்தும் முயற்சி பெர்னில் நடக்கிறது. இதழ் அச்சாவதற்குள் ஏதாவது மாறியிருக்கலாம்.)

சரணியாவின் தொழிற்சாலை காத்திருக்கவில்லை. வளைய வேலையை ரைன் ஆற்றுக்கு அப்பால், ஜெர்மன் பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. அதே இயந்திரம், அதே அளவு. மேற்பார்வையாளர் அவளைக் கேட்டார்: நீ வருகிறாயா? வெள்ளிக்கிழமைக்குள் சொல். வராவிட்டால் இங்கே உனக்கு வேலை இல்லை.

4

"கஜலக்சுமி அடுப்படியில் கண்ணீரைத் துடைத்தபடி..."

[இந்த வரியை சரணியா வாசித்துவிட்டு, "அம்மா அழேல்லை மாமா, வெங்காயமும் உரிக்கேல்லை" என்றாள். எடுத்துவிட்டேன். அவள் சொன்னபடியே கீழே.]

"அம்மா, வேலை ரைனுக்கு அங்கால போகுது."

"நீயும் போறியோ?"

"கேக்கினம்."

"அங்கால கையெழுத்து இல்லையோ?"

"அங்கையும் சட்டம் இருக்கு. ஆனா சண்டை நடக்கிற நாட்டுக்கும் குடுக்கலாமெண்டு அவையள் முடிவெடுக்கலாம்."

"அப்ப எனக்குச் சொன்ன வாக்கு?"

"அது இஞ்ச செய்யிற சாமானுக்கு, அம்மா."

"ஓ, இப்ப வக்கீல் வேலையும் பாக்கிறியோ?"

கஜலக்சுமி அடுப்பை நிறுத்திவிட்டு மேசையில் வந்து இருந்தார்.

"உந்த ரேடார் என்ன செய்யுமெண்டு ஒருக்கா வடிவாச் சொல்லு."

மகள் ஒரு சட்டி மூடியை எடுத்து மேசையில் சுழற்றினாள். "இப்பிடிச் சுத்தும். பிளேனோ ட்ரோனோ வந்தா, சத்தம் கேக்க முதலே காணும்."

"சத்தம் கேக்க முதலோ?"

"ஓம்."

மூடி சுழன்று ஓயும்வரை கஜலக்சுமி அதையே பார்த்தார். "நாங்கள் சத்தம் கேட்டபிறகுதான் பங்கருக்கு ஓடினது. தம்பி செருப்புக்குத் திரும்பினவன்." பிறகு கேட்டார், "அண்டைக்கு உது ஆரிட்டை இருந்திருக்கும்? எங்களிட்டையோ, பிளேன் விட்டவனிட்டையோ?"

"தெரியாது அம்மா."

"நீ செய்யப்போறது ஆரிட்டைப் போகும்?"

"அதுவும் தெரியாது."

"முந்தித் தெரியுமோ?"

"முந்தி, சண்டைக்குப் போகாதெண்டு தெரியும்."

கஜலக்சுமி எழுந்து, மேல் தட்டிலிருந்த சிவப்புச் சட்டியை இறக்கி மகளின் முன்னால் வைத்தார். "இதைக் கொண்டு போ."

"இந்தச் சனியனை நான் என்ன செய்ய? ஆருக்குக் குடுக்க?"

"வைச்சிரு, குடு, எறி. உன்ர விருப்பம். நான் இனிக் கேக்கன்."

5

இனி முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் போகிறாள். காலை ரயில் ரைன் பாலத்தைக் கடக்கிறது, மடியில் சாப்பாட்டுப் பெட்டி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்தால் சட்டி ஒரு ஆசீர்வாதமாகிவிடும். கஜலக்சுமி ஆசீர்வதிக்கவில்லை, வாக்கிலிருந்து விடுவித்தார். இரண்டும் வேறு.

இரண்டாவதில் அவள் மறுக்கிறாள். மலைக்கு ஆட்களை ஏற்றும் கேபிள் காரின் சக்கரங்களைக் கடையும் வேலை கிடைக்கிறது. கை சுத்தம். ஆனால் எங்கோ ஒரு நகரத்தில் உதிரி வளையம் இல்லாமல் ஒரு ரேடார் நின்றுபோக, அங்கே ஒருவன் செருப்புக்காகத் திரும்பி...

[நிறுத்திவிட்டேன். அதை எழுதினால் நான் அவளைத் தள்ளுகிறேன் என்று அர்த்தம்.]

மூன்றாவதில் பெர்ன் சட்டத்தை மாற்றுகிறது, தொழிற்சாலை திரும்பி வருகிறது, யாரும் எதையும் முடிவெடுக்கத் தேவையில்லை. கதாசிரியர் களைத்துப்போகும்போது சட்டங்கள் மாறும்.

6

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். நான் அவளைச் சந்தித்தது வெள்ளிக்கிழமை மாலை. பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். என்ன பதில் என்று எனக்கும் சொன்னாள். பிறகு நிபந்தனை.

"எழுதுங்கோ மாமா. ஆருக்கும் குடுங்கோ. நான் சொன்ன பதிலை மட்டும் கைமாத்தாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"தெரிஞ்சா கோயில்ல ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிண்டு நியாயம் பிளப்பினம். அது என்ர முடிவு. என்னட்டையே இருக்கட்டும்."

"ஓம்" என்றேன். ரயில் வந்தது. சட்டியின் பிடி கதவில் இடித்துச் சத்தம் போட, ஏறிப் போய்விட்டாள்.

வாயால் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். அதனால் பதில் என்னிடமே நிற்கிறது.

ஆனால் நீங்கள் எவருக்கும் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை. வாசித்துக்கொண்டு வரும்போதே உங்கள் தலைக்குள் ஒரு முடிவு உருவாகியிருந்தால், அது ரைனுக்கு அப்பால் செய்த சாமான். வைத்திருங்கள், கொடுங்கள், எறியுங்கள். நான் இனிக் கேட்கமாட்டேன்.