முத்துநாச்சி வன்னிச்சியின் வீடு

1.

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: கிழக்குக் கரையில் போர்த்துக்கீசப் பறங்கிப் படையை எதிர்த்து நின்ற வீரராணி முத்துநாச்சி வன்னிச்சியின் சரித்திரம், காலத்தின் திரை கிழித்து, முதன்முறையாக உங்கள் கைகளில் தவழ்கிறது.

அப்படி ஒருத்தி இருக்கவில்லை. நான்தான் உண்டாக்கினேன்.

யுத்தம் முடிந்த வருடம் அது. சுனாமி வீட்டுத்திட்டமும் ஒருவழியாய் முடிந்திருந்தது. கல்முனைக் கரையில் கடல் வீடெடுத்த முஸ்லிம் சோனகருக்கும் தமிழருக்கும் சேர்த்துக் கட்டியது. திட்டத்துக்குப் பேர் வைக்க வேண்டும். விழாக்குழுத் தலைவர் காலிதீன் என்னிடம் வந்தார்.

"முபாறக், ஒரு ராணி வேணும். பறங்கியோட சண்ட புடிச்சிரிக்கணும். விழா மலருக்கு நாலு பக்கம்."

"எந்தக் காலத்து ராணி?"

"பழைய காலம். சொந்தக்காரர் ஆரும் உசிரோட இரிக்கப்படா."

புத்திசாலித்தனமான கோரிக்கை. நாம் எழுதக்கூடிய யுத்தம் அந்த வருடம் அது ஒன்றுதான். லிஸ்பனிலிருந்து மறுப்பறிக்கை வராது.

2.

முதல் தொடக்கம்: குதிரையின் மேல் ராணி பாய்ந்தேறியபோது செங்கதிரோன்—

(விட்டேன். எங்கள் மணலில் குதிரை புதையும்.)

இரண்டாம் தொடக்கம்: வாள்நுனியில் குருதி சொட்டச் சொட்ட—

(இதையும் விட்டேன். அந்த வருடம் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருக்கையில் என் மனைவி சுல்பிகா குறுக்கிட்டாள். நாங்கள் இருந்தது தற்காலிகத் தகரக் கொட்டில். அதில் குறுக்கிடாமல் நடமாட இடமில்லை.

"மச்சான், ராசாத்திய உடுங்க. மேடையில புது வீட்டுச் சாவிய ஆரு வாங்கிற?"

"குடும்பத் தலைவர் எண்டு என்னத்தான் கூப்பிடுவாங்க."

"அப்ப ஸுஹைறாட கலியாணம்?"

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில், சோனகரானாலும் தமிழரானாலும், வீடு மகளுக்கு. தாயிடமிருந்து மகளுக்கு. ஆண்பிள்ளை அங்கே குடிபோகிறவன். கடல் கொண்டுபோனது சுல்பிகாவின் உம்மா கொடுத்த வீடு. நான் அதில் இருபது வருடம் மரியாதையாக இருந்தேன்.]

மகள் ஸுஹைறாவுக்குப் பேசியிருந்தது பொத்துவில் அச்சிமுகம்மதுவின் மகனை. பையனுக்கும் விருப்பம், இவளுக்கும் விருப்பம். அச்சிமுகம்மதுக்கு ஒரேயொரு நிபந்தனை.

"வீடு உம்மாக்காரிட கையால வரோணும், தம்பி. வாப்பாட வீடெண்டா, நாளைக்கு வாப்பாட மனம் மாறும். நானும் ஒரு வாப்பாதானே, எனக்குத் தெரியாதா?"

சுல்பிகாவுக்கு நான் சமாதானம் சொன்னேன்: "சாவிய வாங்கி அப்படியே உன்ட கையில தாறன்."

"நீங்க தந்தா அது உங்கட தருமம், எண்ட வீடில்ல. எண்ட வீட்டக் கடல் கொண்டு போச்சு. இப்ப உங்கட பேருக்கு வீடு தாறாங்க. அப்ப கடல் எனக்கிட்டப் புடுங்கி உங்களுக்கா குடுத்த?"

காலிதீனிடம் போனேன். "குடும்பத் தலைவர் பேருக்குத்தான் வீடு. அது சட்டம், முபாறக்," என்றார். சட்டம் என்ற சொல்லை உச்சரிக்கையில் அவருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும்.

3.

மூன்றாம் தொடக்கம். இது நின்றது:

பறங்கித் தளபதி பட்டுக்குடையோடு வந்தான். ஆண்பிள்ளையைத் தேடினான். முத்துநாச்சியின் புருசனைக் கண்டு, குடையைப் பிடித்து, பட்டமும் சூட்டினான். புருசன் மகிழ்ந்துபோய் ஊரையே எழுதிக்கொடுத்தான். வன்னிச்சி வாசலுக்கு வந்தாள்.

"அவர் எண்ட வீட்டுல குடியிரிக்கிற மனிசன். குடைய வெச்சிக்கட்டும், மழைக்கு உதவும். நிலம் எண்ட. கேக்கிறதெண்டா எனக்கிட்டக் கேளு."

யுத்தம் தொடங்கிற்று.

(புருசன் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. மிகவும் அசடாகத் தெரிந்தான். சுல்பிகா வாசித்துவிட்டு, "சரியா வந்திரிக்கி," என்றாள்.)

4.

காலிதீன் எதையும் முன்கூட்டி வாசிக்கிறவரல்லர். விழாவன்று ஒலிவாங்கியைப் பிடித்து என் நாலு பக்கத்தையும் வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கக் குரலில் முழங்கினார். குடை வந்த இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. "குடியிரிக்கிற மனிசன்" என்றபோது பந்தலே குலுங்கியது. நிறுத்த வழியில்லாமல் அவர் தொடர்ந்து முழங்கினார்.

பிறகு, "அடுத்ததாக, குடும்பத் தலைவர் முபாறக்!"

நான் எழும்பவில்லை. சுல்பிகா எழும்பினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். பிரதம அதிதி சாவியை நீட்டிவிட்டார்; புகைப்படக்காரன் எடுத்தும் விட்டான். பக்கத்திலிருந்த அதிகாரியிடம் சுல்பிகா சொன்னாள்: "எண்ட பேரப் போடுங்க, சேர்."



"ஓம், போடலாமே," என்றார் அவர். "பேர்?"

அவ்வளவுதான். காலிதீனின் சட்டம் சட்டமே அல்ல. போன விழாவில் அப்படிச் செய்தார்களாம், இதிலும் செய்தார். நான் இருந்த கதிரையிலேயே இன்னொருமுறை இருந்தேன்.

அடுத்து, "கதிர்காமன்!" தோணிக்காரர் கதிர்காமன் எழும்பமுன் அவர் மனைவி நேசம்மா பாதி தூரம் போய்விட்டார்.

"நேசம், கொஞ்சம் பொறு!"

"நீங்க இரிங்க. மழைக்குக் குடை தருவாங்க."

5.

மலரின் நாலு பக்கத்துக்குள் அடங்காத ராணியின் முடிவு பாக்கி. (அ) போர்க்களத்தில் வீழ்ந்தாள். வேண்டாம், வீழ்ந்தவர்கள் போதும். (ஆ) கடலில் பாய்ந்து மானம் காத்தாள். இந்தக் கரையில் அப்படி எழுதுகிறவனை அடிப்பார்கள். (இ) வென்று நெடுங்காலம்—

இந்த மூன்றும் பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள். அவள் வாசலில்தான் நிற்கிறாள். எனக்கு நேரமில்லை, கலியாண வேலை.

ஸுஹைறாவின் நிக்காஹ் நடந்தது. மருமகன் குடிவந்துவிட்டார்.

குறட்டை விடுகிறார்.